வெம்பல் பூசணி சொன்ன நன்றி

ஏழெட்டு வருஷம் முன்னால் ஒசாகா பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஏழு மாதம் பாடம் எடுத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பசங்களுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிற வேலை. டிசம்பர் மூன்றாம் வாரம் ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லோரையும் ஒரு உணவகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஜப்பானில் இதற்கு 'போனென்கை' என்று பெயர். 'வருஷத்தை மறக்கிற கூட்டம்' என்று பொருள் சொல்லலாம். அறைக்குத் திரும்பியதும் ஊரில் இருக்கிற கல்லூரி நண்பர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் தட்டினேன். "இங்கே மேலாளரே கீழே இருக்கிறவனுக்குப் பீர் ஊற்றுகிறார், நம்ம ஊரில் இது நடக்குமா?" என்கிற தொனி. படித்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அந்த மின்னஞ்சலைப் போன மாதம் மறுபடி எடுத்துப் படித்தேன். கூச்சமாக இருந்தது. நடுவில் இரண்டு ஜப்பானியப் புத்தகங்களைப் படித்திருந்ததுதான் காரணம். இரண்டையும் எழுதியவர்கள் வெளியூரிலிருந்து வந்து வாத்தியார் வேலை பார்த்தவர்கள். இரண்டிலும் ஒரு விருந்து இரவு வருகிறது. ஒருவருக்குக் கண்ணில் பட்டது இன்னொருவருக்குப் படவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

வாத்தியாராக வெளிநாடு போவது தமிழர்களுக்குப் புதிதில்லை. ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தார். இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை போலந்தில் வார்சா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், 'ஏசுவின் தோழர்கள்' நாவலின் களம் அந்த நாடுதான். இவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது. நான் இளம்பிள்ளைக்காரன், பி.இ. படித்தவன், பயிற்சியாளன். ஆனால் வெளிநாட்டு வாத்தியார் என்கிற நாற்காலியில் ஏழு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்பது கொஞ்சம் புரிகிறது.

ஒரே பாதையில் இருவர்

முதல் ஆள் லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர், அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். 1890-இல் ஜப்பானுக்கு வந்தார். அந்த வருஷமே மாட்சுயே என்கிற சின்ன ஊரில் ஆங்கில ஆசிரியர் ஆனார். மாதச் சம்பளம் 100 யென், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. பிறகு குமமோட்டோவில் ஐந்தாம் உயர்பள்ளி, அதன்பின் 1896-லிருந்து டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம். மாட்சுயே அனுபவங்களை 1894-இல் வந்த 'கிளிம்ப்ஸஸ் ஆஃப் அன்ஃபெமிலியர் ஜப்பான்' என்ற தொகுப்பில் எழுதினார். குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது ஆள் நாட்சுமே சோசெகி. நவீன ஜப்பானிய நாவலின் பெரிய பெயர். டோக்கியோக்காரர். 1895-இல் ஷிகோகு தீவில் மாட்சுயாமா என்ற ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார், ஒரு வருஷம் இருந்தார். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அதனால் சோசெகிக்கும் அந்தக் கணக்கிலேயே மாதம் 80 யென் கிடைத்தது. தலைமையாசிரியருக்கே 60 யென்தான்! சொந்த நாட்டில் இருந்துகொண்டே வெளிநாட்டு வாத்தியாரின் சம்பளம். பிறகு ஹெர்ன் வேலை பார்த்த அதே குமமோட்டோ பள்ளிக்கு 1896-இல் போனார். 1903-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹெர்ன் விலக்கப்பட்டபோது அவர் இடத்துக்கு வந்தவர்களில் சோசெகியும் ஒருவர். இரண்டு தடவை ஒருவர் காலடியில் இன்னொருவர் நடந்திருக்கிறார்.

சோசெகி 1906-இல் எழுதிய 'போச்சான்' என்ற குறுநாவலில்தான் நான் சொல்கிற விருந்து வருகிறது. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. ஜே. கோன் செய்தது எனக்குச் சரளமாக இருந்தது.

ஹெர்னின் விருந்து

ஹெர்ன் தொகுப்பில் நாட்டியக்காரி ஒருத்தியைப் பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. அது ஒரு ஜப்பானிய விருந்தோடு தொடங்குகிறது. விருந்தாளிகள் வந்து மெத்தைகளில் உட்காருகிறார்கள். சத்தமே இல்லை. பணிப்பெண்கள் வெறுங்காலோடு அரக்குத் தட்டுகளைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கெய்ஷாக்கள் வந்து அரிசி மது ஊற்றுகிறார்கள். பேச்சு, சிரிப்பு, பாட்டு, விளையாட்டு எல்லாம் மெல்லமெல்ல ஏறுகிறது. கடைசியில் ஒரே ஆரவாரம். அமைதியாகத் தொடங்கியது இப்படித்தான் முடியும் என்று பழக்கமில்லாதவன் ஊகிக்கவே முடியாது என்கிறார்.

அருமையான எழுத்து. நான் பார்த்த போனென்கையும் அப்படித்தான் ஏறியது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 'மேல்நாட்டுக்காரன் மயங்கி எழுதிவிட்டான்' என்று அவரைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அதே கட்டுரையில் கெய்ஷாவின் கணக்கையும் சொல்கிறார். பரம ஏழைப் பெற்றோரிடமிருந்து சிறு வயதிலேயே ஒப்பந்தம் போட்டு வாங்கப்படுகிறவள் அவள். அந்த ஒப்பந்தம் 18 வருஷம், 20 வருஷம், சில சமயம் 25 வருஷம் கூட அவள் உழைப்பைக் கட்டிப்போடும். அடிமை என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். மது ஊற்றுகிற கைக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் பார்க்காதது வேறு. மெத்தையில் உட்கார்ந்திருக்கிறவர்களை அவர் ஒரே கும்பலாகத்தான் பார்க்கிறார். அவர்கள் எல்லோரும் 'விருந்தாளிகள்'. அதில் யாருக்கு வர இஷ்டமில்லை, யார் யாருக்குப் பயந்து சிரிக்கிறான், நாளைக்குக் காலையில் யார் வேலை போகும் என்ற கேள்விகள் எழவே இல்லை. ஊற்றுகிறவள் கட்டுப்பட்டவள் என்று தெரிகிறது. குடிக்கிறவனும் கட்டுப்பட்டவனாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. காரணம் எளிது. அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். 100 யென் வாங்குகிற வெளிநாட்டு ஆசிரியர் 'எனக்கு வேண்டாம்' என்றால் அது அவர் ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடுவார்கள்.

சோசெகியின் விருந்து

'போச்சான்' கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்களுக்காக. டோக்கியோவில் பௌதிகப் பள்ளியில் படித்த முன்கோபக்காரப் பையன் மாதம் 40 யென் சம்பளத்துக்கு ஷிகோகுவில் கணக்கு வாத்தியாராகப் போகிறான். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கிறான். தலைமையாசிரியர் 'தனுகி'. இது அவர்கள் கதைகளில் ஏமாற்றுக்காரனாக வரும் ஒரு காட்டு விலங்கு. துணைத் தலைமையாசிரியர் 'சிவப்புச் சட்டை', கோடையிலும் சிவப்புக் கம்பளிச் சட்டை போடுகிற இலக்கியப் பட்டதாரி. கணக்குப் பிரிவின் மூத்தவர் 'முள்ளம்பன்றி'. ஓவிய ஆசிரியருக்கு வைத்த பெயரை நம்ம ஊர்ச் சொல்லில் 'ஜால்ரா' என்றே சொல்லிவிடலாம். ஆங்கில ஆசிரியர் ஒருவர் வெளிறிப்போய், வாடிப்போய் இருப்பார். கொடியின் நுனியில் பருவம் தப்பிக் காய்க்கிற காயின் பெயர் அவருக்கு. நான் 'வெம்பல் பூசணி' என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வெம்பல் பூசணிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் மீது சிவப்புச் சட்டைக்குக் கண். பூசணியின் அப்பா இறந்து குடும்பம் நொடித்துப் போயிருக்கிறது. அவருடைய அம்மா தலைமையாசிரியரிடம் போய், பையனுக்குக் கொஞ்சம் சம்பளம் கூட்டித் தர முடியுமா என்று கேட்கிறாள். பார்க்கலாம் என்கிறார். பிறகு கூப்பிட்டு, இங்கே பணம் இல்லை, கியூஷுவில் நொபெயோகா என்ற ஊரில் 5 யென் கூடக் கிடைக்கும், ஏற்பாடு செய்தாகிவிட்டது, போ என்கிறார். மனிதர் இந்தச் சம்பளத்திலேயே அம்மாவோடு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்க்கிறார். நடக்கவில்லை. சம்பள உயர்வு கேட்டவருக்கு இடமாற்றம். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது புரியும், இல்லீங்களா?

அவருக்கு வழியனுப்பு விருந்து நடக்கிறது. ஊரிலேயே பெரிய உணவகம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொஞ்சம் முன்னால்தான் நம்ம கதாநாயகன் ஒரு சாதாரணக் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டிருக்கிறான். வாத்தியார் என்றால் கண்ட கடையில் சாப்பிடக்கூடாது, உயர்ந்த ரசனை வேண்டும் என்று சிவப்புச் சட்டை ஆசிரியர் கூட்டத்தில் உபதேசம் செய்கிறார். சொந்தக் காசில் நூடுல்ஸ் தின்றால் ஒழுக்கக்கேடு. மேலதிகாரிகளோடு கெய்ஷா வைத்துக் குடித்தால் பள்ளி நிகழ்ச்சி.

விருந்தில் முதலில் பேச்சுகள். தலைமையாசிரியர் புகழ்கிறார். சிவப்புச் சட்டை இன்னும் உருக்கமாகப் புகழ்கிறார். முள்ளம்பன்றி எழுந்து, நொபெயோகா மக்கள் சூதுவாது தெரியாதவர்கள், அங்கே நல்ல பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று குத்திப் பேசுகிறார். பிறகு வெம்பல் பூசணி எழுந்து எல்லோருக்கும் மரியாதையாக வணங்கி, உண்மையான நெகிழ்ச்சியோடு நன்றி சொல்கிறார். தன்னை ஊரைவிட்டுத் துரத்துகிறவர்களுக்கும் சேர்த்து.

அதன்பிறகு மது ஓடுகிறது. கெய்ஷாக்கள் வருகிறார்கள். ஜால்ரா கோவணத்தோடு ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, சீனாவோடான சண்டையைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடி அறையைச் சுற்றி ஆடுகிறார். விருந்து யாருக்காக நடக்கிறதோ அவர் ஒரு மூலையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். போகலாம் வாங்க என்று போச்சான் கூப்பிட்டால், எனக்காக வைத்த விருந்து, நான் முதலில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்கிறார். கடைசியில் கிளம்பும்போது ஜால்ரா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி மறிக்கிறார். போச்சான் அவர் தலையில் ஒன்று போடுகிறான்.

படிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது சிரிப்பு குறைந்தது.

நன்றியின் பொருள்

இந்தக் காட்சியைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது, கள்ளம் கபடம் அறியாத டோக்கியோ இளைஞன் பாசாங்கான ஒரு கும்பலை உடைக்கிறான் என்பது. கதைசொல்லியும் அப்படித்தான் தன்னை நினைத்துக்கொள்கிறான். வெம்பல் பூசணியின் நன்றியைக் கேட்டு அவனுக்கு ஆத்திரம் வருகிறது. இந்த மனுஷன் எவ்வளவு நல்லவன், எவ்வளவு ஏமாளி!

எனக்கு அங்கேதான் கதைசொல்லி மேல் சந்தேகம். அந்த மனிதர் ஏமாளியா? வயதான அம்மா. சொத்து போய்விட்டது. போகிற ஊரிலும் இதே கல்வித் துறையில்தான் வேலை. தலைமையாசிரியர் ஒரு வரி மாற்றி எழுதினால் அதுவும் போகும். அந்த அறையில் அவர் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னார். நெகிழ்ச்சி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வேறு வழியே இல்லாதபோது மனது சொல்லுக்குப் பின்னால் தானே போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

போச்சான் அடிக்கிறான், ஏனென்றால் அவனால் அடிக்க முடியும். கடைசியில் அவனும் முள்ளம்பன்றியும் சேர்ந்து, ஒரு விடுதியிலிருந்து காலையில் வெளியே வரும் சிவப்புச் சட்டையையும் ஜால்ராவையும் மறித்து, முட்டை எறிந்து உதைக்கிறார்கள். பிறகு ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டுக் கப்பல் ஏறுகிறான். டோக்கியோவில் 25 யென்னுக்கு டிராம் கம்பெனியில் தொழில்நுட்ப வேலை கிடைக்கிறது. சம்பளம் குறைந்தது, ஆனால் அவனை நம்பி யாரும் இல்லை. அவனை நேசித்த ஒரே ஜீவன் கியோ என்கிற வயதான வேலைக்காரி. அந்த ஊருக்கு அவன் வெளியாள். வெளியாளுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது.

ஆக, ஹெர்னும் போச்சானும் எதிரெதிர் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் ரசிக்கிறார், இன்னொருவன் அடிக்கிறான். இருவருமே அந்த விருந்துக்கு மறுநாள் விலை கொடுக்க வேண்டாதவர்கள்.

நாவலின் குறை என்று நான் நினைப்பதும் இதுதான். வெம்பல் பூசணி அந்த இரவுக்குப் பிறகு நொபெயோகாவுக்குப் போனவர் போனவர்தான். அங்கே என்ன ஆனார், அம்மா என்ன ஆனாள் என்று கதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு நடந்த அநியாயம் போச்சானின் வீரத்துக்கு விறகாகி எரிந்துபோகிறது. வாசகனுக்கு முட்டை எறிந்த திருப்தி. நிலைமையோ அப்படியே. சிவப்புச் சட்டையின் வேலை போனதாகக் கதையில் எங்கும் இல்லை.

ஆனால் சோசெகி கதைசொல்லியைவிடப் பெரியவர். 1914-இல் மாணவர்களுக்கு ஆற்றிய ஓர் உரையில் இந்த நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறார். பாத்திரங்களுக்கு நிஜ மனிதர்களைத் தேடினால், அந்தக் காலத்தில் அந்தப் பள்ளியில் இருந்த ஒரே இலக்கியப் பட்டதாரி தானேதான், அதனால் சிவப்புச் சட்டை தான்தான் என்று ஆகிவிடும் என்று வேடிக்கையாகச் சொன்னார். தலைமையாசிரியரைவிடக் கூடுதலாக 80 யென் வாங்கிய பட்டதாரி, 40 யென் வாங்குகிற முரடனின் வாயால் கதை சொல்லி, வில்லனுக்குத் தன் பட்டத்தைக் கொடுத்திருக்கிறார். நகைச்சுவையாகச் சொன்னாலும் சும்மா சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஊலாங் தேநீர்

சரி, என் மின்னஞ்சலுக்கு வருவோம்.

அந்த இரவு எப்படி நடந்தது என்றால், இருக்கிறவர்களில் இளையவர்தான் ஏற்பாட்டாளர். இடம் பிடிப்பது, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர் தலையில். கதவிலிருந்து தள்ளியிருக்கும் உள்பக்க இடம் மூத்தவருக்கு, கதவோரம் இளையவர்களுக்கு, ஏனென்றால் ஆர்டர் சொல்ல அவர்கள்தான் எழுந்து ஓட வேண்டும். முதல் சுற்று எல்லோருக்கும் பீர். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருக்கிறவர் ஊற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஒரே விலை. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு கைத்தட்டு. பிறகு இரண்டாம் சுற்று, கரோக்கே. 'புரெய்கோ' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு மேல் கீழ் கிடையாது, மனதில் இருப்பதைப் பேசலாம் என்று அர்த்தம். அதை அறிவிக்கிறவர் எப்போதும் மேலே இருக்கிறவர்தான்!

நான் குடிப்பதில்லை, மாமிசமும் சாப்பிடுவதில்லை. எனக்குப் பனிக்கட்டி போட்ட ஊலாங் தேநீரும் பொரித்த கத்தரிக்காயும் தனியாக வந்தன. பக்கத்தில் ஒரு ஒப்பந்த விரிவுரையாளர், முப்பது வயது இருக்கும். முகம் சிவந்து, கண் கலங்கி இருந்தார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "நீங்களும் தேநீர் வாங்கிக்கொள்ளலாமே" என்றேன். அவர் ஆங்கிலத்தில், மெதுவாக, இந்த அர்த்தத்தில் சொன்னார்: "நீங்க தேநீர் குடிச்சா உங்க நாட்டுப் பழக்கம்னு விட்டுடுவாங்க. நான் குடிச்சா இவனுக்கு ஏதோ மனக்குறைன்னு நினைப்பாங்க. மார்ச்சோட என் ஒப்பந்தம் முடியுது."

இதைக் கேட்டுவிட்டுத்தான் அறைக்குப் போனேன். கேட்டும், மின்னஞ்சலில் இந்த மனிதர் இல்லை. மேலாளர் பீர் ஊற்றியது இருக்கிறது, கரோக்கே இருக்கிறது, கைத்தட்டு இருக்கிறது. இவர் வந்தால் கதை கெட்டுவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஹெர்னுக்காவது அந்தப் பக்கம் தெரியவில்லை என்று சொல்லலாம். எனக்குக் காதில் சொல்லியும் எழுதவில்லை.

2019 கடைசியில் ஜப்பானில் 'போனென்கை வேண்டாம், நழுவிவிடுகிறேன்' என்ற பொருளில் ஒரு குறிச்சொல் சமூக ஊடகங்களில் பரவியது. மேலதிகாரியோடு குடிப்பதற்கு ஓவர்டைம் சம்பளம் உண்டா என்ற கேள்வியும் கூடவே வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒகேனக்கல் வேன்

ஜப்பான்காரர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்ம ஊரை விட்டுவிட்டால் அது இன்னொரு மின்னஞ்சல் ஆகிவிடும்.

இளம்பிள்ளையை வெளியூர்க்காரர்களுக்குச் சேலையால் தெரியும். கஞ்சமலை அடிவாரத்துப் பக்கம், எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். எங்க அப்பா எட்டுத் தறி வைத்திருந்தார். ஆயுத பூசைக்குத் தறிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைப்போம். அதற்கடுத்து வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லோரும் ஒகேனக்கல். எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், பரிசல். பெரியவர்களுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு, நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். செலவு முழுக்க அப்பாவோடது. அவர் தொழிலாளிகளோடு ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பாவு பிணைக்கிற அக்காமார்கள் அந்த வேனில் ஏறியதில்லை. அவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் பொட்டலம் போகும். அது அப்போது எனக்கு இயல்பாகவே பட்டது.

ஒரு வருஷம் ஒரு தறிக்காரர் வரவில்லை. முன்பணம் வாங்கியிருந்தவர். எங்க பக்கம் தறிக்கு ஆள் சேரும்போது ஒரு தொகை முன்பணம் கொடுப்பது வழக்கம், அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அவர் வராததைப் பற்றி அப்பா திட்டவில்லை. "என்னமோ, அவனுக்கு நம்ம சோறு புடிக்கல போல" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொன்னார். அடுத்த வருஷம் அந்த மனிதர் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். நாள் முழுக்க யாரிடமும் அதிகம் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது அப்பாவைக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார்.

வெம்பல் பூசணியின் நன்றியைப் படித்தபோது எனக்கு இந்தக் குரல்தான் கேட்டது. இன்னும் அவர் ஊரில்தான் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது கேட்டேன், அந்த வருஷம் ஏன் வரலீங்க என்று. "சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்ல தம்பி. சொல்லியிருக்கலாந்தான். சொன்னா முன்பணம் கேக்கறதுக்கு அடி போடறான்னு மொதலாளி நெனச்சுக்குவாரேன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நேரம் விட்டு, "உங்கப்பா நல்ல மனுசன்" என்றும் சொன்னார். இரண்டும் உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விருந்து பொய் என்று சொல்ல வரவில்லை. ஹெர்ன் கண்ட அழகு இருந்தது, ஒகேனக்கல் மீன் ருசியாகத்தான் இருந்தது. விருந்தைப் பற்றி எழுதுகிறவன் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. வெளிநாட்டு வாத்தியாரும் முதலாளி பையனும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் சமமாகத்தான் தெரிவார்கள். 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியாதவன் யார் என்று தேடினால்தான் அந்த இரவு முழுசாகக் கண்ணில் படும். ஹெர்ன் பாதி தேடினார். சோசெகி கண்டுபிடித்தார், ஆனால் பின்தொடரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் விட்டுவிட்டேன்.

இப்போது பட்டறையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். இதையெல்லாம் பேசி, இந்த வருஷம் வேனை விட்டுவிட்டு அந்தச் செலவை ஆளுக்குப் பிரித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். பெரிய நியாயம் செய்வதாக நினைப்பு. தொழிலாளிகளிடம் தம்பி கேட்டிருக்கிறான். அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு மறுநாள் பதில் சொல்லியிருக்கிறார்கள்: வேன் வேணும், போகணும், புள்ளகுட்டிங்களையும் பாவு பிணைக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போறோம், ஆனா மொதலாளி வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம்.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டான். போன ஞாயிறு விடிகாலை வேன் கிளம்பியது, ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தது. அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை வந்தவர்கள் வழக்கம்போலத் தறியைப் போட்டார்கள். யாரும் வந்து நன்றி சொல்லவில்லையாம். தம்பி அதைக் குறையாகத்தான் போனில் சொன்னான்.

எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது.